மோட்டோகிராஸ் பைக்கைக் காட்டுப்பாதைக்குத் தயார் செய்தது – திருகோணமலை

மோட்டோகிராஸ் பைக் மண்ணில் ஓடத்தானே செய்யப்பட்டது, காட்டுப்பாதைக்கு அதை அப்படியே கொண்டுபோனால் என்ன என்று இங்கே பலர் கேட்கிறார்கள். மண்ணில் ஓடச் செய்ததுதான். ஆனால் வேகமாக, கொஞ்ச நேரம் ஓடச் செய்தது. உலக சாம்பியன்ஷிப் ஓட்டமே 30 நிமிடமும் அதற்குமேல் இரண்டு சுற்றும்தான். அந்த நேரம் முழுக்க எஞ்சின் உச்சத்தில் கத்தும், ரேடியேற்றரில் காற்று மோதிக்கொண்டே இருக்கும், ஏதாவது உடைந்தால் திடலின் ஓரத்தில் ஆளும் இருப்பார்கள், நட்டு கழற்றும் சாவியும் (ஸ்பேனர்) இருக்கும். தியத்தலாவை பொக்ஸ் ஹில், சாலியபுர கஜபா சூப்பர்கிராஸ் பந்தயங்கள் எல்லாம் பார்க்கப் போனவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். காட்டுப்பாதையில் எல்லாமே தலைகீழ். மெதுவாகப் போக வேண்டும், மணிக்கணக்காகப் போக வேண்டும், உடைந்தால் நாமேதான் பார்க்க வேண்டும். நான் பைக்கில் செய்த வேலை முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கும்.

பைக் 2008 யமஹா வைஇசட்250எஃப். கார்பரேற்றர் வைத்தது, பற்றறி இல்லாதது, உதைத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஹெட்லைட் இல்லை, சைட் ஸ்டாண்ட் இல்லை, பெற்றோல் தாங்கி 7 லீற்றர். என்னோடு வர இருந்தவர்கள் இரண்டு பேர். மச்சானிடமும் என்னுடையதைப் போல ஒரு மோட்டோகிராஸ் பைக். எங்களுக்கு வழிகாட்ட ஒப்புக்கொண்ட அண்ணனிடம் ஹொண்டா எக்ஸ்ஆர்250 பாஹா. அது காட்டுக்கென்றே செய்த பைக், பெரிய தாங்கி, காற்றில் குளிரும் எஞ்சின், இலக்கத்தகடும் உண்டு. அவரோடு போனால் எங்கள் பைக்குகளின் குறை ஒவ்வொன்றாகத் தெரியும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அதனால்தான் அவசரப்படாமல் வீட்டிலேயே எல்லாவற்றையும் பார்த்து முடிக்க நினைத்தேன்.

முதலில் வெப்பம்

மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலையில் மழை அரிது. கச்சான் காற்று அனலாக வீசும், பகல் 34, 35 பாகைக்குப் போகும். காட்டுப்பாதைக்குத் தோதான மாதங்களும் அவைதான், மாரியில் எங்கு பார்த்தாலும் சேறு. ஆகவே இந்தச் சூட்டில் இந்த எஞ்சின் மெதுவாக ஓடினால் என்னவாகும் என்பதை முதலில் பார்க்க வேண்டியிருந்தது.

சாம்பல்தீவில் மாமாவின் தென்னங்காணிக்கு பைக்கைக் கொண்டுபோய், மர வரிசைகளுக்கு நடுவே ஒன்றாம் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஆள் நடக்கும் வேகத்தில் சுற்றினேன். கால் மணி நேரம் போயிருக்கும், ரேடியேற்றரின் வழிகுழாயில் இருந்து பச்சைத் தண்ணீர் சீறிக்கொண்டு மணலில் கொட்டியது. இனிப்பான ஒரு வாடை. திடலில் ஒருநாளும் இந்த பைக் கொதித்ததில்லை. எஞ்சினில் பழுது எதுவும் இல்லை, காற்று போதவில்லை, அவ்வளவுதான்.

சரி, விசிறி பூட்டலாமே என்று தோன்றும். பூட்ட முடியாது. இந்த பைக்கின் ஸ்டேற்றர், அதாவது எஞ்சினோடு சேர்ந்து மின்சாரம் உண்டாக்கும் கம்பிச்சுருள், பிளக்கில் பொறி வரும் அளவுக்குத்தான் மின்சாரம் தருகிறது. விசிறியைச் சுற்றப் பற்றறி வேண்டும், பற்றறிக்கு ஸ்டேற்றரைத் திரும்பச் சுற்ற வேண்டும், அது வேறு வேலை, வேறு செலவு. அதனால் செய்யக்கூடியதைச் செய்தேன்.

ரேடியேற்றர் மூடியை மாற்றினேன். கம்பனி மூடி 1.1 பார் அழுத்தம் வரை தாங்கும். தண்ணீர் அந்த அழுத்தத்தில் கிட்டத்தட்ட 121 பாகையில் கொதிக்கும். 1.8 பார் மூடி போட்டால் கொதிநிலை 130 பாகையைத் தாண்டும். இதனால் எஞ்சின் குளிர்வதில்லை, கொதித்து வெளியே கொட்டுவதுதான் தள்ளிப்போகிறது. அந்தக் கூடுதல் அழுத்தம் முழுவதையும் ஹோஸ்தான் தாங்க வேண்டும். ஆகவே எல்லா ஹோஸையும் கையால் பிதுக்கிப் பார்த்து, வெடிப்புத் தெரிந்த ஒன்றை மாற்றி, கிளிப்புகளையும் புதிதாகப் போட்டேன். மூடியை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஹோஸோடு போவதைவிடப் பழைய மூடியோடு போவது நல்லது.

கூலண்டையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கலப்பது பனி கொட்டும் நாடுகளின் கணக்கு. வெறும் தண்ணீர்தான் சூட்டை நன்றாக இழுத்துக்கொண்டு போகும். துருப் பிடிக்காமல் இருக்கக் கூலண்டும் வேண்டும். நான் 40 பங்கு கூலண்ட், 60 பங்கு தண்ணீர் விட்டேன். தண்ணீர் என்றால் பற்றறிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலதிலும் சவர்த் தண்ணீர், அதை ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்துவிடும்.

அப்புறம், ரேடியேற்றரின் தகட்டிதழ்கள். திடலில் முன்னால் போகிறவன் எறியும் கல் பட்டு என் இடப்பக்க ரேடியேற்றரில் நிறைய இதழ்கள் மடிந்து கிடந்தன. மடிந்த இடத்தில் காற்று ஊடுருவாது. ஒரு மெல்லிய தகட்டை எடுத்து, முற்றத்தில் உட்கார்ந்து, இதழ் இதழாக நிமிர்த்தினேன். அழுத்தினால் குழாயே துளைபடும், அதனால் நகத்தால் தள்ளுவதுபோல மெதுவாகத் தள்ள வேண்டும். ஒரு மாலை முழுக்கப் பிடித்தது. முடித்துவிட்டு வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தால் மறுபக்கம் பளிச்சென்று தெரிந்தது. பைக்குக்காகச் செய்த வேலைகளில் காசே செலவாகாதது இதுதான், பலன் அதிகமும் இதில்தான் என்று நினைக்கிறேன்.

வழிகுழாயின் முனையை மண்ணில் கொட்டும்படி விடாமல் ஒரு சிறு பிளாஸ்ரிக் போத்தலில் விட்டுக் கட்டினேன். கொட்டியது எவ்வளவு என்று தெரிந்தால்தான் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று தெரியும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பதை எல்லோரும் அறிவார்கள், ஆனாலும் எழுதி வைக்கிறேன். நின்றால் எஞ்சினை நிறுத்த வேண்டும், பைக்கின் முகத்தைக் காற்று வரும் பக்கம் திருப்பி வைக்க வேண்டும்.

பல்சக்கரம்

என் பைக்கில் முன்னால் 13 பல், பின்னால் 48 பல். இந்த அமைப்பில் ஒன்றாம் கியரே காட்டுக்கு வேகம் அதிகம். மெதுவாகப் போக வேண்டுமென்றால் கிளச்சைப் பாதி பிடித்தபடி போக வேண்டிவரும், அது தட்டுகளைத் தேய்த்துத் திரும்பவும் சூட்டைத்தான் கூட்டும். முன் சக்கரத்தை 12 பல்லாக்குவது மலிவு, ஒரு பல் குறைத்தாலே இழுவை 8 வீதம் கூடும். ஆனால் சின்னப் பல்சக்கரத்தில் செயின் கூடுதலாக மடங்கும், ஸ்விங்ஆர்மின் இறப்பரையும் உரசும். நான் முன்னால் 13ஐ அப்படியே விட்டு, பின்னால் 51 பல் போட்டேன். இழுவை ஏறக்குறைய 6 வீதம் கூடியது. செயினில் இரண்டு கண்ணி சேர்க்க வேண்டியிருந்தது. இணைப்புக் கண்ணியின் கிளிப் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், மாறிப் போட்டால் ஒரு பற்றை தட்டினாலே கழன்றுவிடும்.

கார்பரேற்றரில் பெரிதாக எதையும் தொடவில்லை. மெதுவோட்டத்தை (ஐட்லிங்) மட்டும் சற்றுக் கூட்டினேன். திடலில் எஞ்சின் நின்றுபோகும் அளவுக்கு யாரும் மெதுவாகப் போவதில்லை, காட்டில் ஒவ்வொரு மரவேருக்கும் அது நிற்கப் பார்க்கும். சூடான எஞ்சினை மணலில் நின்று உதைத்து ஸ்டார்ட் செய்வது ஆளின் உயிரை வாங்கும் வேலை.

சஸ்பென்சன் திடலுக்கென்று இறுக்கி வைத்தது. பெரிய பாய்ச்சலில் இறங்கும்போது அது வேண்டும், வேரும் கல்லும் உள்ள பாதையில் அதே இறுக்கம் கையை மரத்துப்போகச் செய்யும். முன்னும் பின்னும், அமிழும் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்ப்ரெஷன் திருகைச் சில கிளிக் வெளியே எடுத்தேன். நான் உட்கார்ந்தால் பின்பக்கம் 100 மில்லிமீற்றர் அமிழும்படி ஸ்பிரிங்கை வைத்தேன். முன் ஃபோர்க்குகளின் தலையில் உள்ள காற்றுத் திருகை, சக்கரம் நிலத்தில் படாமல் தூக்கி வைத்துத் திறந்து மூட வேண்டும். நம் வெயிலில் உள்ளே சேரும் காற்று விரிந்து ஃபோர்க்கை இன்னும் இறுக்கும். இறங்குமுன் ஒருமுறை, நடுவே நிற்கும்போது ஒருமுறை செய்தால் வித்தியாசம் கையில் தெரியும்.

கிண்ணியாவில் செய்த தகடு

எஞ்சினின் அடிப்பக்கம் மோட்டோகிராஸ் பைக்கில் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். ஒரு கல் ஏறி எஞ்சின் உறை வெடித்தால் ஒயில் முழுக்கப் போய்விடும், அத்தோடு பயணம் முடிந்தது. கடையில் வரும் அடித்தகடு இந்த மாடலுக்கு இங்கே கிடைக்கவில்லை. பாலம் தாண்டிக் கிண்ணியாவில் அலுமினியம் ஒட்டும் பட்டறை ஒன்று எனக்குத் தெரியும். பட்டறைக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) நான் கீறிக்கொண்டு போன படத்தைப் பார்த்துவிட்டு, பைக்குக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார்.

"தம்பி, நீங்க அடியால முழுசா மூடச் சொல்றீங்க. மண் ஏறினா எங்கால வெளிய போகும்? சூடு எங்கால போகும்?"

அவர் சொன்னது சரி. காட்போட் மட்டையில் அச்சு வெட்டிப் பிடித்துப் பார்த்து, பின்பக்கம் திறந்தபடி, இருபுறமும் நீள்துளைகள் விட்டு 4 மில்லிமீற்றர் அலுமினியத்தில் செய்து தந்தார். ஒயில் இறக்கும் பொல்ட்டுக்கு நேராக ஒரு துளை, தகட்டைக் கழற்றாமலே ஒயில் மாற்றலாம். தகடும் சட்டமும் உரசும் இடங்களில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி வைத்தோம், இல்லாவிட்டால் தகரம் அதிரும் சத்தம் காதைத் துளைக்கும்.

அங்கேயே இன்னொரு வேலையும் முடித்தேன். மோட்டோகிராஸ் சைலன்சரில் தீப்பொறியைத் தடுக்கும் வலை கிடையாது. கச்சான் வீசும் காலத்தில் எங்கள் பக்கத்துப் புல் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். துருப்பிடிக்காத கம்பி வலையைத் தொப்பிபோல மடித்து சைலன்சர் வாய்க்குள் பொருத்தி, வெளியே கழற்றக்கூடியபடி திருகு வைத்தோம். வலையில் கரி சேர்ந்தால் எஞ்சின் மூச்சு முட்டும், அதனால் கழற்றிச் சுத்தம் செய்ய வழி இருக்க வேண்டும். இதனால் இழுவை கொஞ்சம் குறையும். குறையட்டும். காட்டுக்குள் தீ வைத்துவிட்டு வருவதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

கைப்பிடியைச் சுற்றி வளையும் கைக்காப்பு மட்டும் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். பிரேக் பிடியும் கிளச் பிடியும் விழும்போது உடையாமல் காக்கும், சூரை முள் விரலைக் கிழிக்காமலும் காக்கும்.

டயரும் முள்ளும்

எங்கள் காட்டில் பஞ்சர் எப்படியும் வரும், எப்போது வரும் என்பதுதான் தெரியாது. சூரை, இலந்தை, உடைமரம், எல்லாம் முள். கரையோரம் மணல், உள்ளே போகப் போகச் சரளை. திடலில் 12 பிஎஸ்ஐ காற்றோடு ஓடுவேன். சரளையில் அந்த அளவில் ஒரு கல்லில் மோதினால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசிந்து இரண்டு ஓட்டை விழும். தடித்த டியூப் முன்னும் பின்னும் போட்டு 14 வைத்தேன். மணலுக்கு இது சற்று அதிகம்தான், ஆனாலும் சரளைக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

டியூப் மாற்றுவதை வீட்டில் பழகாமல் யாரும் காட்டுக்குப் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கடையில் ஒருவர் மெஷினில் செய்வதைப் பார்த்தால் போதாது. காட்டில் கொண்டுபோகும் அதே குட்டையான லீவர்களோடு, மணலில் சக்கரத்தைப் போட்டு, வெயிலில் செய்ய வேண்டும். நான் பழகிய விதம் இது.

காற்றை முழுக்க இறக்கி, டயர் ரிம்மில் வழுக்காமல் பிடித்து வைக்கும் ரிம் லொக்கின் நட்டை நுனி வரை தளர்த்தி, ரிம் லொக்கை உள்ளே தள்ளிவிட வேண்டும். அதைத் தள்ளாவிட்டால் டயரின் விளிம்பு அந்த இடத்தில் இறங்கவே இறங்காது. பிறகு பூட்ஸ் குதிகாலால் சுற்றிவர மிதித்து விளிம்பைப் பிரிக்க வேண்டும். இதில் சூத்திரம் ஒன்று இருக்கிறது: லீவர் போடும் இடத்துக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் விழுந்திருக்க வேண்டும். அங்கே முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டால் இந்தப் பக்கம் லீவர் இலேசாக எழும்பும். விழாமல் இருந்தால் எத்தனை பேர் சேர்ந்து இழுத்தாலும் வராது, பலமாக இழுத்தால் டியூப்தான் கிழியும். சவர்க்காரத் தண்ணீர் ஒரு சின்னப் போத்தலில் கொண்டுபோனால் பாதி வேலை குறையும்.

பழைய டியூப்பை எடுத்ததும் புதியதை உடனே போடக் கூடாது. டயரின் உட்பக்கத்தை ஒரு துணியால் தடவிப் பார்க்க வேண்டும். முள்நுனி துணியில் இழுபடும். வெறுங்கையால் தடவினால் விரலில் ஏறும். முள்ளை எடுக்காமல் டியூப் போட்டால் அரைக் கிலோமீற்றரில் திரும்பவும் அதே வேலை. போடும்போது ரிம் லொக் பக்கத்தை முதலில் முடித்துவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கத்தில் கடைசியாக முடிக்க வேண்டும். வால்வின் நட்டை ரிம்மோடு இறுக்காமல் மேலே மூடியோடு சேர்த்து விடுவது நல்லது. ஓட்டத்தில் டியூப் நகர்ந்தால் வால்வு சரிந்து காட்டிக்கொடுக்கும். இறுக்கி வைத்திருந்தால் வால்வின் அடி கிழிந்துவிடும்.

உதிரி டியூப் எது கொண்டுபோவது? மோட்டோகிராஸ் பைக்குகளின் பின் ரிம் 19 அங்குலம், பாஹாவின் பின் ரிம் 18. முன் ரிம் மூன்று பைக்கிலும் 21. நாங்கள் 21 அங்குல டியூப் மட்டும் எடுத்தோம். அதைப் பின் டயருக்குள் மடித்துப் போட்டு மெதுவாக வீடு வந்து சேரலாம், பின் டியூப்பை முன்னால் போட முடியாது.

பெற்றோல், ஒயில், காற்று வடிகட்டி

அளவுப் போத்தலில் ஒரு லீற்றர் பெற்றோல் விட்டு மணல் பாதையில் ஓடிப் பார்த்தேன், 14 கிலோமீற்றர் அளவில் நின்றது. 7 லீற்றருக்கு 90 கிலோமீற்றருக்கு மேல் என்று கணக்கு வரும், ஆனால் அந்தக் கணக்கை நம்பிப் போகக் கூடாது. போவதற்கு மூன்றில் ஒரு பங்கு, வருவதற்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் எதிர்பாராததற்கு. எஞ்சினின் அழுத்தம் அதிகம் என்பதால் ஒக்டேன் 95 மட்டும்தான்.

ஒயில் இந்த எஞ்சினுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர்தான் பிடிக்கும். கிளச்சும் அதே ஒயிலில் ஓடுகிறது, ஆகவே ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கும் மோட்டார் சைக்கிள் ஒயில் வேண்டும். கார் ஒயில் விட்டால் கிளச் வழுக்கும். போகுமுன் புதிது, வந்ததும் திரும்பப் புதிது.

வடிகட்டிப் பஞ்சை மண்ணெண்ணெயில் கழுவி, பிறகு சவர்க்காரத்தில் கழுவி, நிழலில் காயவிட்டு, ஒயில் பூசிப் பிழிந்தேன். பெற்றோலில் கழுவினால் பஞ்சின் ஒட்டு விட்டுப்போகும். விளிம்பைச் சுற்றிக் கிரீஸ். எங்கள் கரையோர மணல் மாப்போல நுணுக்கம், ஒரு சின்ன இடைவெளி கிடைத்தாலும் உள்ளே போய் எஞ்சினை அரைத்துவிடும். ஒயில் பூசிய இன்னொரு பஞ்சைப் பையில் மூடி எடுத்துக்கொண்டேன்.

முதுகுப் பை

தண்ணீர் 3 லீற்றர், நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பக்கெட்டுகள், கடலை, பேரீச்சம்பழம். டயர் லீவர், கைப்பம்ப், 8, 10, 12 சாவிகள், இரண்டு அச்சுக்கும் ஏற்ற சாவி, பிளக் சாவி, ஒரு பிளக், கிளச் பிடி ஒன்று, இணைப்புக் கண்ணி, கம்பி, பிளாஸ்ரிக் கட்டுப்பட்டி, இரும்புப் பசை. மீன்பிடிக்காரர் பாவிக்கும் நைலோன் கயிறு ஆறு மீற்றர். இந்தக் கயிற்றால் பைக்கை இழுக்கும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னால் போகும் பைக்கின் கால்மிதியில் கட்டலாம். பின்னால் வருபவர் கட்டக் கூடாது, தன் கால்மிதியில் ஒரு சுற்றுச் சுற்றி பூட்ஸால் மிதித்து வைத்திருக்க வேண்டும். நிலை தடுமாறினால் காலை எடுத்தவுடன் கயிறு விடுபடும்.

சைட் ஸ்டாண்டுக்குப் பதில் ஒரு கவட்டுத் தடி. அதைக் காடே தரும்.

1990 என்ற சுவசெரிய ஆம்புலன்ஸ் இலக்கத்தை மூவரும் தொலைபேசியில் போட்டுக்கொண்டோம். எத்தனை மணிக்குத் திரும்புவோம், வராவிட்டால் எங்கே தேட வேண்டும் என்பதை வீட்டில் தாளில் எழுதிக் கொடுத்தோம். உள்ளே சிக்னல் எல்லா இடத்திலும் வராது.

எங்கே போகலாம்

இலக்கத்தகடு இல்லாத பைக்கைப் புல்மோட்டை வீதியில் நூறு மீற்றர் கூட ஓட்ட முடியாது. சின்ன லொறியில் ஏற்றி, கும்புறுப்பிட்டிப் பக்கம் உறவினர் ஒருவரின் மரமுந்திரிகைக் காணியில் இறக்குவது என்று முடிவெடுத்தோம். அங்கிருந்து உள்ளே உழவு இயந்திரப் பாதையும் மாட்டுப்பாதையும் இருக்கின்றன. வனத் திணைக்களத்தின் எல்லைக்கற்கள் எங்கே தொடங்குகின்றன என்று ஊர்க்காரரிடமும் கிராம சேவகரிடமும் கேட்டு, அவற்றுக்கு இப்பால் மட்டும் பாதை வகுத்தோம். குளக்கட்டில் ஏறுவதில்லை என்பது அண்ணனின் முதல் விதி. டயர் கீறிய தடத்தில் மாரித் தண்ணீர் இறங்கினால் கட்டு அரித்துப்போகும், அந்தக் கட்டை நம்பித்தான் கீழே வயல் இருக்கிறது.

இன்னொன்றை வெளியூரில் இருந்து வருகிறவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் கண்ணிவெடி புதைத்த இடங்கள் இருந்த மாவட்டம் இது. மாடும் உழவு இயந்திரமும் அன்றாடம் போகும் பாதையை விட்டு, குறுக்கு வழி என்று பற்றைக்குள் இறங்கவே கூடாது.

யானையைப் பற்றி மாட்டுப் பட்டிக்காரர் ஒருவர் சொன்னது எல்லாவற்றையும்விட உதவியது. விடியலிலும் பொழுதுபடும்போதும் அது குளத்துக்கு வரும், ஆகவே வெயில் ஏறிய பிறகு உள்ளே போய், நாலு மணிக்கு முன் வெளியே வந்துவிடுங்கள் என்றார். யானை லத்தி (சாணம்) ஈரமாக இருந்தால் அதற்கு மேல் போக வேண்டாம் என்றார். யானைக்கென்று போட்ட மின்வேலி சில பாதைகளில் குறுக்கே போகிறது, அந்தக் கம்பி வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. வேலிக்கம்பம் ஒன்று கண்ணில் பட்டதும் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

ஓட்டம்

காணியில் இறக்கியதும் அண்ணன் ஒரு ஒழுங்கு சொன்னார். ஒவ்வொருவரும் தன் பின்னால் வருபவருக்குப் பொறுப்பு. பாதை பிரியும் இடத்தில் பின்னால் வருபவரைக் கண்ணால் காணும் வரை நிற்க வேண்டும். கேட்கச் சின்ன விசயம்தான், திடலில் வளர்ந்த எங்களுக்கு இது புதிது. அங்கே பின்னால் வருபவனைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

முதல் பகுதி மணல். அங்கே மோட்டோகிராஸ் பழக்கம் கைகொடுத்தது. உடலைப் பின்னே வைத்து, முன்சக்கரத்தை இலேசாக்கி, த்ரொட்டிலை விடாமல் போனோம். அண்ணன்தான் கனமான பைக்கோடு பாடுபட்டார். மணல் முடிந்து சரளையும் வேரும் வந்ததும் நிலைமை மாறியது. அவர் நின்றபடி, ஒரே சீராக, மூன்றாம் கியரில் உருண்டு போனார். நாங்கள் முறுக்கி, பிரேக் பிடித்து, திரும்பவும் முறுக்கிக் களைத்துப்போனோம். அவரைப் பார்த்து நானும் ஒரு கியரைக் கூட்டி, முறுக்குவதைக் குறைத்தேன். 51 பல் அந்த இடத்தில்தான் உதவியது, மூன்றாம் கியரிலும் எஞ்சின் திக்காமல் இழுத்தது. தோளும் முன்கையும் தளர்ந்தன.

காய்ந்த ஓடை ஒன்றைக் கடக்கும் இடத்தில் மச்சானின் பின் டயர் இறங்கிவிட்டது. இலந்தை முள், துணியில்தான் அகப்பட்டது. 21 அங்குல டியூப்பை மடித்துப் போட்டோம். மூன்று பேரும் வீட்டில் பழகியிருந்ததால் யார் எதைப் பிடிப்பது என்ற பேச்சே எழவில்லை. கைப்பம்பில் காற்றடிக்கத்தான் நேரம் போனது.

எஞ்சின் சூடு பற்றிக் கவலையோடு இருந்தேன். ஓடையின் மணலில் ஒருமுறை போத்தலுக்குள் கொஞ்சம் கூலண்ட் வந்தது, அதைத் தவிர வேறெங்கும் கொட்டவில்லை.

அதற்கு அப்பால் ஒரு சின்னக் குளம் வரை போவதாகத் திட்டம். குளத்துக்கு முன்னே பாதையின் நடுவில் லத்தி கிடந்தது. பக்கத்தில் வீரை மரக் கிளை ஒன்று முறிந்து, இலை வாடாமல் தொங்கியது. அண்ணன் எஞ்சினை நிறுத்தாமல் கையை மட்டும் உயர்த்தினார். முறுக்காமல், சத்தம் போடாமல் பைக்குகளைத் திருப்பி வந்த வழியே வந்தோம். குளத்தைப் பார்க்கவில்லையே என்று யாரும் வாதாடவில்லை. இந்த மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

வந்த பிறகு

ஒயிலை இறக்கினேன், கறுத்திருந்தது, ஆனால் கிளச் எரிந்த வாடை இல்லை. வடிகட்டியின் வெளிப்பக்கம் செம்மண் நிறம், உட்பக்கமும் குழாயின் வாயும் சுத்தம். அடித்தகட்டில் மூன்று இடத்தில் ஆழமான கீறல், ஒன்று சரியாக ஒயில் பொல்ட்டுக்குக் கீழே. அந்தக் கீறலைப் படம் பிடித்துப் பட்டறைக் காக்காவுக்கு அனுப்பினேன். ஸ்போக் கம்பிகளைச் சாவியால் தட்டிப் பார்த்ததில் பின்சக்கரத்தில் சில மந்தமாக ஒலித்தன, அவற்றை இறுக்கினேன். தீப்பொறி வலையில் கரி அதிகம் சேரவில்லை.

இனிச் செய்ய இருப்பது பின் ரிம். 19 அங்குலத்தைவிட 18 அங்குல ரிம்மில் டயரின் பக்கச்சுவர் உயரமாக இருக்கும், கல்லில் மோதினால் டியூப் நசியும் வாய்ப்புக் குறையும், டயரும் டியூப்பும் இங்கே இலகுவாகக் கிடைக்கும். பழைய ஹப்பிலேயே 18 அங்குல ரிம் கோர்க்க வேண்டுமென்றால் ஸ்போக் கம்பியின் நீளம் மாறும். ரிம்மைக் கொழும்பில் தேடச் சொல்லியிருக்கிறேன், அது வந்த பிறகுதான் கம்பியை அளந்து வெட்டக் கொடுக்கலாம்.